விண்ணப்பத்தில் சாதி கேட்கலாமா?



போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டில் எங்கள் நிழல்தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து இனிமம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு பையன் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தான். நான் சின்னக் கடை வைத்திருப்பவன், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனாலும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலை எப்படியோ எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. "சாதி" என்ற கட்டத்துக்கு வந்ததும், பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, அய்யா சாதியைக் கலியின் வேலை என்று சொல்லி ஒழித்தார். இந்த வாசலிலே உட்கார்ந்துகொண்டே நீ சாதி எழுதுகிறாயே, இது தகுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் வீம்புக்குக் கேட்கிறவர் அல்ல. நாற்பது வருடமாகப் பணிவிடை செய்கிறவர். அந்தக் கேள்வியை நானே என் மனசுக்குள் வேறு மாதிரி, கொஞ்சம் கோபத்தோடு கேட்டவன்தான். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் மகள் அரசுக் கல்லூரியில் நர்சிங் படிக்க விண்ணப்பித்தாள். கிடைக்கவில்லை. எங்கள் கடைக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் கொண்டுவரும் ஒரு மலையாளி அம்மாவின் மகளுக்குக் கிடைத்தது. என் மகளுடைய மதிப்பெண் 14 கூட. அந்த அம்மா சந்தோஷமாக வந்து, "அண்ணாச்சி, பாப்பாவுக்கு சீட்டு வந்திருச்சு" என்று சொன்னபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய். அன்று சாயங்காலம் தாங்கலில் கண்ணாடி முன் நின்றபோது நெற்றியில் நாமம் இருந்தது, மனசு சுத்தமாக இல்லை.

வெளியூர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல. தமிழ் பேசும் மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். சேலம் மாவட்டத்தில் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காப்பி போட்டதும் தோட்டங்கள் பெருகின, பங்களாக்கள் வந்தன, பேர்பெற்ற பெரிய பள்ளிக்கூடங்களும் வந்தன. தூர தேசத்துப் பிள்ளைகள்கூட இந்த மலையில் வந்து படித்தார்கள். மலைக்கு உரியவர்களின் பிள்ளைகள் அந்த மதில் பக்கமாக விறகு சுமந்து போனார்கள்.

அந்தப் பெண்ணின் ஊர் வெள்ளக்கடைப் பக்கம் உள்ளே இருக்கிறது. பஸ் தப்பினால் நடைதான். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தாள். என் மகளோ சேலத்துக்கு இறங்கி டியூஷன் போனாள். இருபது கொண்டை ஊசி வளைவையும் என் வண்டியிலேயே இறக்கி ஏற்றினேன். அந்த 14 மதிப்பெண்ணில் என் பெட்ரோல் எவ்வளவு, அவள் மூளை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பிறகு கணக்கையும் பார்த்தேன். நம் தமிழ்நாட்டில் 100 இடத்தில் 31 பொது; பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, அவர்களில் முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் என் மகளுக்கு வந்திருக்காது. எங்கள் பிரிவிலேயே அவளுக்கு முன்னால் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்த முகத்தின்மேல்தான் வந்தது. இன்னொன்று, என் மகளும் சாதிச் சான்றிதழ் கொடுத்துத்தான் அந்த 26.5-இல் நின்றாள். அதை வாங்க நானே தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றேன். அப்போது சாதி கேட்பது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் கேள்விக்கு வருகிறேன். "ஏழைக்குக் கொடு, சாதியை ஏன் பார்க்கிறாய்" என்று நல்ல மனசோடு கேட்கிறவர்களும் உண்டு. நம் முன்னோர் கதையை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் நம்மவர் தலைப்பாகை கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, பொதுக் கிணற்றில் இறைக்கக்கூடாது. பணமுள்ள சாணாருக்கும் அதே தடைதான். டாக்டர் பல்பு ஈழவர். சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியும் சொந்த சமஸ்தானத்தில் வேலை இல்லை, மைசூருக்குப் போனார். 1896-இல் 13,176 பேர் கையெழுத்தோடு அவர் மகாராஜாவிடம் மனுக் கொடுத்தபோது, "எங்களை ஏழைகள் என்று பாருங்கள்" என்று எழுத முடியுமா? சாதியால் அடைத்த கதவைச் சாதிப் பேரைச் சொல்லித்தான் தட்ட வேண்டியிருந்தது.

அய்யாவும் வெறுமனே "எல்லாரும் சமம்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. முத்திரிக்கிணறு வெட்டி எல்லாச் சாதியையும் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். யாருக்குத் தலைப்பாகை மறுக்கப்பட்டதோ அவர்களையே தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். யாருக்கு எது பறிபோனது என்று பார்த்தே கொடுத்தார். பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? தாழ்த்துவதற்காகச் சாதி கேட்பதும், தாழ்ந்து கிடப்பவரைத் தூக்குவதற்காகக் கேட்பதும் ஒன்றல்ல என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இதில் முழுக்க நியாயம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பர்கூர் மலையிலும் மலையாளிகள்தான் இருக்கிறார்கள். அது ஈரோடு மாவட்டம். பட்டியலில் அந்த மாவட்டத்தின் பெயர் இல்லாததால் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. ஒரே ஜனம், ஒரே வறுமை, நடுவே ஒரு எல்லைக்கோடு. அதே மாதிரி, கடை வைத்திருக்கும் என் மகளும், தேரிக்காட்டில் இன்னும் பனையேறுகிறவர் மகளும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அங்கே முன்னால் நிற்பது என் மகள். அடுத்த தலைமுறையிலாவது என் வீட்டார் அந்த வரிசையை விட்டு விலக வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் இதைச் சொன்னபோது ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

அமெரிக்காவில் 2023-இல் உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு முதலான கல்லூரிகள் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நம் சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையையும் 1951-இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருடம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து வழி செய்தார்கள். அவர்கள் வழி அவர்களுக்கு. இந்த மலையில் அந்த 1-ஐயும் எடுத்துவிட்டால் அடுத்த நர்ஸ் எந்த ஊரிலிருந்து வருவாள் என்பதை நான் கடையில் இருந்தே பார்த்துவிடுவேன்.

அந்தப் பெண் இப்போது மூன்றாம் வருடம் முடித்துவிட்டாள். என் மகள் சேலத்தில் லேப் டெக்னீசியன் படிப்பு. லீவில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி வருகிறார்கள். என் மகளுக்கு எப்போதுமே வருத்தம் இருந்ததில்லை; எனக்குத்தான்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். "கட்டம் இல்லாத காலம் வரணும்" என்றார். "வரணும் அய்யா" என்றேன். பிறகு அவரே பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார், நான் எழுதினேன்.

அந்தப் பையனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தோடு வர வேண்டும், தாமதமாகும். ஆகவே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதுமே மனுப் போட்டுவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள், எந்தச் சாதியானாலும், ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் தாங்கலுக்கு வாருங்கள். ரேஷன் கார்டும், அப்பா அல்லது அம்மாவின் பழைய சான்றிதழும் கையோடு கொண்டு வரவும்.