பென்னிகுயிக்குக்குக் கோயில் வேண்டாம்

கம்பம் பள்ளத்தாக்கில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படத்தையும் மாட்டிக் கும்பிடுகிற வீடுகள் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் அரசு மணிமண்டபமும் கட்டியது. தண்ணீர் தந்தவரை மறக்காத இந்த மக்களை நான் மனதார மதிக்கிறேன். கும்பிடுவதையும், கும்பிடுவதற்காகச் சொல்லும் கதையையும்தான் எதிர்க்கிறேன்.

அரசு பணத்தை நிறுத்திவிட்டதாம். அவர் இங்கிலாந்துக்குப் போய்க் குடும்பச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தாராம். இதை மேடையேறிச் சொல்கிறவர்கள் ஓர் ஆவணத்தையாவது காட்டிச் சொல்கிறார்களா? பதிவில் உள்ளது வேறு. 1886 அக்டோபர் 29-இல், அணைக்கான நிலத்துக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். மறு ஆண்டே வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். அது சென்னை மாகாண அரசின் திட்டம். அந்த அரசின் கஜானாவை நிரப்பியது குடியானவன் கட்டிய வரி. 1876–78 பஞ்சத்தில் செத்துப் பிழைத்த குடியானவனும் அதில் அடக்கம்.

பிறகு ஏன் அந்தக் கதை நமக்கு இவ்வளவு தேவைப்படுகிறது? சம்பளம் வாங்குகிற அதிகாரி தன் வேலையை ஒழுங்காகச் செய்வார் என்பதை நம்மால் நம்ப முடியவில்லை. சொத்தை விற்றிருந்தால்தான் நம்புகிறோம். முதலில் தியாகியாக்குகிறோம், அப்புறம் தெய்வமாக்குகிறோம். தெய்வமாகிவிட்டவரைப் போல நடந்துகொள்ளும்படி எந்தப் பொறியாளரையும் யாரும் கேட்க முடியாது. கண்மாய் மதகு உடைந்து கிடக்கும் ஊரில் மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகலாம்.

அவர் மனிதர். 1841-இல் புனேயில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, சில்லியன்வாலா போரில் தந்தையையும் அண்ணனையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்து 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியானார். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை அவருடையதல்ல. இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கு ஆளனுப்பிப் பார்த்தார். 1808-இல் கேப்டன் கால்டுவெல் நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1850-இல் கேப்டன் ஃபேபர் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. பென்னிகுயிக் முன்னவர்களின் அளவைகளையெல்லாம் படித்தார், மதிப்பீட்டைத் திருத்தினார். பாதி எழுப்பியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது, தண்ணீர் வடிந்ததும் திரும்பக் கட்டினார். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் சேர்த்த காரையில் 155 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. மலையைக் குடைந்து 5,704 அடி நீளத்துக்குச் சுரங்கம் போட்டுத் தண்ணீரை இந்தப் பக்கம் இறக்கினார்கள். வேலை முடிந்ததும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, லண்டனில் தன் தொழில்காரர்கள் முன்னால் விவாதத்துக்கு வைத்தார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். செய்ததைக் கேள்விக்கு வைக்கிறவரைத்தான் நாம் கேள்வி கேட்கக் கூடாதவராக ஆக்கியிருக்கிறோம்.

பூஜையறையில் இடம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். யானைக்காட்டில், கொட்டும் மழையில் கல் சுமந்தவர்கள் கூலியாட்கள். மலேரியா அவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. நோயில் இறந்ததாகக் கணக்கில் ஏறியவர்கள் மட்டுமே 483 பேர். அணைக்கு வடக்கே அங்கேயே புதைத்தார்கள். கர்னல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, 1911-இல் எழுபது வயதில் இறந்தார். இவர்களுக்கு ஊர் திரும்பும் வாய்ப்பே கிடைக்கவில்லை. உண்மையில் உயிரைக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, விற்காத நகைக்குக் கண்ணீர் விடுவது அறமில்லை.

ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிற பெரியவர்களே, தாராளமாக வையுங்கள். குழந்தைகளிடம் நகை விற்ற கதையைச் சொல்லாதீர்கள். அணை எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லுங்கள். அந்த 483 பேருக்கும் ஒரு கல் நடுங்கள்.