வைக்கோலும் கத்தரியும்

வட ஐரோப்பாவில் பனை வளர்ப்பவர்களைக் கேலி செய்வது எளிது. தெற்கின் படம் ஒன்றை வாசலில் நிறுத்திவைக்க ஆசைப்படுகிறவர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர்கள் காரியத்தில் ஒரு அறப்பிரச்னை இருக்கிறது. கேலியில் அது தீர்வதில்லை.

அவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது ஒரே ஜாதியை: டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. சீனத்தில் அதன் நாரைக் கொண்டு கயிறும் மழைக்கான மேலங்கியும் செய்தார்கள். ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் அதை அங்கிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். வளர்ந்த மரம் பூஜ்யத்திற்குக் கீழே 10, 12 டிகிரி செல்ஷியஸ் வரை தாங்கும். ஆனால் அதன் உயிர் ஒற்றைக் குருத்தில் இருக்கிறது. ஈரமும் உறைபனியும் இறங்கிக் குருத்து அழுகிவிட்டால், பக்கத்தில் கிளைத்துப் பிழைக்க வழியில்லை. எனவே குளிர் தொடங்குமுன் ஓலைகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள்; தண்டைச் சாக்கால் சுற்றுகிறார்கள்; அடியில் வைக்கோல் பரப்புகிறார்கள்.

இதை அன்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. எப்படிப்பட்ட அன்பு என்பதுதான் கேள்வி. நாம் இல்லாவிட்டால் செத்துப்போகும் ஒன்றை நேசிப்பதில், நம் இன்றியமையாமையை நாமே ருசித்துக்கொள்ளும் சுகமும் கலந்திருக்கிறது.

இந்த அன்பைச் சோதித்துப் பார்த்த இடம் சுவிட்சர்லாந்தின் தெற்கிலுள்ள டிச்சினோ. தோட்டத்திற்கு வந்த இதே பனை அந்த மாநிலத்தின் அடையாளமாயிற்று. டிச்சினோப் பனை என்றே பெயரும் பெற்றது. குளிர்காலங்கள் தணிந்தன. பறவைகள் விதையைக் காட்டுக்குக் கொண்டுபோயின. இன்று அங்கே காட்டு நிழலில் கன்றுகள் அடர்ந்து, மற்ற மரங்களின் நாற்றுக்கு இடமில்லாமல் செய்கின்றன. 2024 செப்டம்பர் 1 முதல் அதை விற்பதும், இறக்குமதி செய்வதும், இனாமாகக் கொடுப்பதும்கூட அந்நாட்டில் தடை. ஏற்கெனவே தோட்டத்தில் நிற்பவை நிற்கலாம்.

நம் தயவில் இருந்தவரை விருந்தாளி, தன் காலில் நின்றதும் ஆக்கிரமிப்பாளன் என்று இதற்கு அர்த்தம் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இது மனிதர்களுக்கிடையேயான நியாயத்தை மரத்தின்மேல் ஏற்றிப் பார்க்கும் சோம்பல். இடமிழந்த நாற்றுகளின் நஷ்டம் உருவகமல்ல, நிஜம். பனையின்மேல் குற்றமில்லை என்பதால் நட்டவன் பொறுப்பு நீங்கிவிடாது.

பனையை வெட்டச் சொல்லவில்லை நான். காய் முற்றுமுன் குலையை அறுத்துவிட்டால் விதை காட்டுக்குப் போகாது. ஆண்டுதோறும் ஏணி வைத்து ஏறிச் செய்யவேண்டிய, யாரும் பாராட்டாத வேலை இது. குளிரில் வைக்கோல் சுமப்பவன் பனையைக் காக்கிறான். அதில் அவனுக்குப் பலன் கண்ணெதிரே நிற்கிறது. கோடையில் கத்தரியோடு ஏறுபவன் காப்பது, தான் நடாத, தனக்குச் சொந்தமில்லாத மரங்களை. முதல் காரியத்தை ஆசையே செய்துவிடும். இரண்டாவதைச் செய்ய மனமில்லாதவன் முதலாவதைத் தொடங்கியிருக்க வேண்டியதில்லை.