எச்சமும் அறமும்

கடதாசி அறிவைச் சுமந்து செல்லும் ஊர்தி எனப் போற்றப்படுவது. பேராதனை போன்றதொரு கல்விச் சூழலில் வாழ்வோர் அதன் பயனை நாள்தோறும் நுகர்கின்றனர். ஆயின், தாள் உருவாகுங்கால் ஆலையின் பின்புறத்தே சேறும் உருவாகின்றது என்பதை நாம் நினைப்பதில்லை. அச்சேற்றைக் கட்டடப் பொருளாக மாற்றலாம் எனப் பொறியியல் கூறுகின்றது. மாற்ற இயலுமா என்பது பொறியியல் வினா. எந்நிலையில் மாற்றுதல் தகும் என்பது அறவியல் வினா. பின்னதே இங்கு ஆராயப்படுகின்றது.

கடதாசி ஆலைக் கழிவுச்சேற்றில் பெரும்பாலும் காணப்படுபவை, தாளாக அமையத் தவறிய குறுநார்களும், தாளுக்கு வெண்மையும் வழவழப்பும் ஊட்டுதற்குச் சேர்க்கப்படும் வெண்களியும் சுண்ணக்கல் தூளுமாம். இதனைக் களிமண்ணுடன் கலந்து சூளையிலிட்டால், நார்கள் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்லும். செங்கல்லின் பாரம் குறையும்; அது வெப்பத்தைக் கடத்துவதும் குறையும். ஆயின் அதே துளைகள் வலிமையைக் குறைத்து, நீரை உறிஞ்சும் இயல்பைக் கூட்டுவன. மழை மிகுந்த கண்டி மலைச்சாரலில் இக்குறை சிறிதன்று. சேற்றைத் தனியே ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிப்பின், அதிலுள்ள வெண்களி மாற்றமுற்று, சுண்ணாம்புடன் கூடி இறுகும் தன்மையைப் பெறும். அச்சாம்பல் சீமெந்தின் ஒரு பகுதிக்கு ஈடாகலாம்.

நம் நாட்டில் 1950களில் நிறுவப்பட்ட வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. வயலின் கழிவைப் பயனாக்க எழுந்த அவ்வகை ஆலையும் தனக்கென ஒரு கழிவை ஈனுகின்றது. வைக்கோலில் மிகுந்துள்ள சிலிக்கா, அதனை அவிக்கும் இரசாயனங்களை மீட்டெடுப்பதற்கே தடையாகின்றது. கழிவைப் பயன்படுத்துதல் கழிவுக்கு முடிவன்று என்பது இதனாற் பெறப்படும். அன்றியும், தாள் எங்கெங்கோ செல்ல, எச்சம் ஆலையிருக்கும் ஊருக்கே உரியதாகின்றது.

இந்நியாயம் கண்டிக்கும் பொருந்தும். நகரின் குப்பை, மகாவலிக்கு அண்மையிலுள்ள கொஹாகொடவிற் கொட்டப்பட்டு வந்தது. அதிலிருந்து கசியும் நீர் ஆற்றை அடைகின்றது. அவ்வாற்றின் நீரையே 1976இல் நிறைவெய்திய பொல்கொல்ல அணை வறண்ட வலய வயல்களுக்குத் திருப்புகின்றது. பயன் ஓரிடத்தும் எச்சம் பிறிதோரிடத்துமாகப் பிரிவதன் கொடுமையை, 2017 ஏப்ரில் 14ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது நாடு கண்டது.

ஆகவே கழிவைக் கட்டடமாக்குவோம் என்பார் கூற்றை எளிதில் ஒதுக்கவியலாது. களிமண் அகழ்வால் நிலம் சிதைகின்றது; சீமெந்து ஆக்கத்தால் வளியில் கரியமிலவாயு பெருகுகின்றது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் ஒடுங்கி வாழ்வோர்க்கு மலிவான செங்கல் ஒரு விடுதலையாகலாம். நல்ல வீட்டில் இருப்போர் அவர்களை நோக்கி, மாசற்ற பொருள் வரும்வரை காத்திருங்கள் எனக் கூறுதல் அறமாகாது.

எனினும் மலிவு வேறு, அறியாமை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் கலமாசூ ஆற்றங்கரை ஆலைகள் பழைய கடதாசியை மீளத் தாளாக்கின. படியெடுக்கும் தாள்களில் இருந்த பி.சி.பி. என்னும் நச்சுச் சேர்மம் கழிவுடன் கலந்து ஆற்றிற் படிந்தது. 1990இல் அவ்வாறு அந்நாட்டின் மிக மாசுற்ற இடங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மீள்பயன்பாடு என்னும் நற்செயலே நஞ்சைப் பரப்பும் வழியாயிற்று. சேற்றில் யாது உளது என்பதை அறியாமல் அதனைச் சுவராக்குபவன், தன் சுமையை அச்சுவருக்குள் உறங்கும் குழந்தையின்மீது இறக்கி வைக்கின்றான்.

ஆதலின் மூன்று நியதிகள் வேண்டப்படும். முதலாவது, ஒவ்வொரு தொகுதிச் சேறும் சோதிக்கப்பட்டு, முடிவு அதில் வாழப்போவோர்க்கு அவர்தம் மொழியிலேயே அறிவிக்கப்படல். இரண்டாவது, லயன் அறைக்குத் தகும் கல் பல்கலைக்கழக மண்டபத்துக்கும் தக்கதாயிருத்தல். அங்கு மறுக்கப்படுவது இங்கும் மறுக்கப்படல். மூன்றாவது, கழிவைக் குறைக்கும் கடமை தளராதிருத்தல். கழிவு விலைபோகத் தொடங்கின், அதனைக் குறைக்கும் ஊக்கம் ஆலைக்கு இல்லாதொழியும். மூன்றனுள்ளும் எளிதில் மறக்கப்படுவது இதுவே.

நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தில், ஒருவரின் தகுதியை அவரது எச்சத்தைக் கொண்டு அறியலாம் என்பர் வள்ளுவர். பரிமேலழகர் அதற்கு மக்கள் எனப் பொருள்கொண்டார். கைத்தொழில் யுகத்திலோ அச்சொல் நாம் விட்டுச்செல்லும் கழிவையும் சுட்டி நிற்கின்றது. அக்கழிவை யார் வீட்டில் வைக்கின்றோம் என்பதிலேயே நமது நடுவுநிலைமை அறியப்படும்.