உழைப்பை வெறுப்பவர் யார்?

"இக்காலத்து இளைஞருக்கு உடம்பு வளையவில்லை" என்னும் குறை வெலிமடைப் பகுதித் தோட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கொழுந்துக் கூடையை எடுக்க மகள் மறுக்கிறாள். தோட்டத்தில் பேர் பதிய மறுத்த மகன் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறான். இது சோம்பலா?

சோம்பலாயின், அவன் கொழும்புக் கடையில் காலை முதல் இரவுவரை நிற்பானேன்? வெலிமடைச் சரிவுகளில் பிறருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நாட்கூலிக்கு மண்வெட்டி பிடிப்பானேன்? கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் முறையையும், தலைமுறைகள் மாறியும் மாறாத லயத்து அறையையுமே அவன் வெறுக்கிறான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவன் முன்னோரின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கு 2021வரை போராட நேர்ந்தது. இந்நிலையில் பிள்ளைகளும் தொடரட்டும் என எந்தத் தாய் மனமுவந்து சொல்வாள்?

ஆயினும் ஆசிரியர்களாகிய நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "படிக்காவிட்டால் கொழுந்துக்குத்தான் போவாய்" என வகுப்பறையில் அச்சுறுத்துகிறோமே, அது யாரை இழிவுபடுத்துகிறது? அம்மாணவியின் கொப்பியும் பென்சிலும் அக்கொழுந்திலிருந்து வந்தவையன்றோ? தப்பிச் செல்வதையே இலட்சியமாகக் கற்பித்துவிட்டு, தாயின் தொழிலுக்கு வெட்கப்படுகிறாள் என்று அவளைப் பழிப்பது நேர்மையாகாது.

மலையை விட்டு இறங்கும் உரிமை இளைஞர்க்கு உண்டு. மலையில் தங்கிவிட்ட தாய்க்கு நியாயமான கூலியும் சொந்த நிலமும் கேட்கும் கடமையும் அவர்க்கு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிப்போம்.