முகமறியார்க்குப் பட்ட கடன்

உற்றாருக்கு உதவுதல் இயல்பு. அண்டை அயலாருக்கு உதவுதல் பண்பு. பெயரும் ஊரும் அறியாத ஒருவருக்காகத் தன்னுயிரையே பணயம் வைப்பதை என்னென்பது? விரும்பினால் செய்யத்தக்க அருட்செயலா? செய்யாவிடில் பழி சேர்க்கும் கடமையா? இவ்வினாவிற்கு நூல்களில் விடை தேடுவோர் பலர். வேல்சு நாட்டுக் கடலோரச் சிற்றூர் ஒன்று தன் வாழ்க்கையினாலேயே விடை கூறியிருக்கிறது.

வேல்சின் வடமேற்கே ஆங்கில்சி என்றொரு தீவு. அதன் கிழக்குக் கரையில் அமைந்தது மோயல்வ்ரே. கூழாங்கற்கள் நிறைந்த கரை, பாறை முனைகள், மீன்பிடி படகுகள், தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வேல்சு மொழி ஆகியவையே அவ்வூரின் செல்வம். லிவர்ப்பூல் துறைமுகத்தை நாடிச் செல்லும் கப்பல்கள் பல அத்தீவைச் சுற்றியே சென்றாக வேண்டும்.

1859ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் இரவு. மெல்பர்னிலிருந்து லிவர்ப்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘இராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் கடும்புயலில் சிக்கிற்று. ஆஸ்திரேலியாவில் பொன் தேடிப் பொருளீட்டியோர் பலர் அதில் இருந்தனர். நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. மறுநாட் காலையில் கப்பல் மோயல்வ்ரேக்கு அருகே பாறைகளில் மோதிச் சிதைந்தது. மால்டா தீவைச் சேர்ந்த ஜோசப் ராஜர்ஸ் என்னும் மாலுமி கயிற்றோடு கடலில் குதித்து நீந்திக் கரை சேர்ந்தார். ஊரார் 28 பேர் கைகோத்து அலைக்குள் இறங்கி மனிதச் சங்கிலியாக நின்றனர். பிழைத்தோர் ஏறத்தாழ 40 பேர். மாண்டோர் ஏறத்தாழ 450 பேர். பெண்டிருள்ளும் குழந்தைகளுள்ளும் ஒருவரேனும் பிழைக்கவில்லை.

கரையொதுங்கிய பொன்னை ஊரார் கவர்ந்தனர் என்று அக்காலச் செய்தித்தாள்கள் பழி கூறின. ஒருசிலர் கவர்ந்தும் இருக்கலாம். ஓர் ஊரில் எல்லாரும் சான்றோராய் இருத்தல் அரிது. ஆயினும், பொன் ஒதுங்குமுன் அலைக்குள் நின்ற கைகளை அப்பழியால் மறைத்துவிட முடியுமா?

இன்னொருவரையும் எண்ண வேண்டும். அருகிலிருந்த இலானால்கோ தேவாலயத்தின் குருவானவர் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ். அவர் ஏறத்தாழ 140 உடல்களை அங்கே நல்லடக்கம் செய்தார். உடையையும் உடற்குறிகளையும் கொண்டு இறந்தோரை அடையாளம் காண முயன்றார். உறவினர்க்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதினார். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்குச் சென்று அவர்தம் தொண்டைப் போற்றி எழுதினார். 1862இல் ஹியூஸ் மறைந்தார். இறந்தோர் நன்றி கூறார், கைம்மாறும் செய்யார். எனினும் அவர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம் என்பதை அக்குருவானவர் உணர்ந்திருந்தார். வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, ஒப்புரவறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும். ஈகை மனம் கனிந்து கொடுப்பது. ஒப்புரவோ உலகோடு ஒத்து வாழ்பவன் செலுத்தும் கடன்.

சரியாக நூறாண்டு கழிந்தது. 1959 அக்டோபர் 27ஆம் நாள் அதே கடற்பகுதியில் ‘ஹிண்ட்லி’ என்னும் கப்பல் புயலில் தத்தளித்தது. மோயல்வ்ரே உயிர்காப்புப் படகின் தலைவர் ரிச்சர்டு எவன்ஸ். வழக்கமான படகு அன்று இல்லை, மாற்றுப்படகே இருந்தது. குழுவினரும் முழுமையாக வந்து சேரவில்லை. அவரோடு சேர்த்து ஐவர். அவர்களுள் ஒருவர் அதற்குமுன் மீட்புப் பணிக்கே சென்றறியாதவர். எனினும் சென்றனர். கப்பலை மீண்டும் மீண்டும் நெருங்கி, எட்டுப் பேரையும் மீட்டனர். எவன்ஸுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1966இல் கிரேக்கக் கப்பலொன்றின் மாந்தரைக் காத்தமைக்காக இரண்டாம் முறையும் அப்பதக்கம் பெற்றார்.

இங்கோர் ஐயம் எழலாம். மனைவி மக்களை உடையவன் முகமறியாதார்க்காக உயிரைத் துறக்கத் துணிவது முறையாகுமா? நேர்மையான வினாவே இது. விடையை அந்த மனிதச் சங்கிலியிடமே கேட்கலாம். அந்த 28 பேரும் தனித்தனியே கடலில் பாய்ந்து மாளவில்லை. பின்னால் நிற்பவனின் கை எட்டும் வரையிலேயே ஒவ்வொருவனும் முன்னேறினான். ஆகவே, கடமையின் எல்லை ஆற்றலின் எல்லையே. ஆனால் அவ்வாற்றல் பிறந்த நாள்தொட்டு மாறாது நிற்கும் அளவன்று. தனியொருவன் முழங்கால் நீரில் தயங்குவான். பலர் பிடித்திருந்தால் கழுத்தளவு நீரிலும் நிற்பான்.

அதனாலன்றோ, புயல் வந்தபின் கடமையைப் பற்றி ஆராய்வது காலங்கடந்த செயலாகிறது! 1859இன் பேரழிவுக்குப் பின், 1861இல் கப்பல்களுக்குப் புயலெச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு பிரிட்டனில் தொடங்கிற்று. 1824இல் தோன்றிய உயிர்காப்புப் படகுக் கழகம் மக்களின் நன்கொடையாலும் தொண்டர்களின் உழைப்பாலும் இன்றும் இயங்குகிறது. இரக்கம் ஒருநாள் உணர்ச்சியாய் ஓய்ந்துவிடாமல், பயிற்சியாகவும் அமைப்பாகவும் வளர்ந்ததற்கு இவை சான்று.

‘என்னால் இயலாது’ என்பது சிலவேளை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீந்தக் கற்க வாய்ப்பிருந்தும் கல்லாதவன், மூழ்குபவனைக் கண்டு அச்சொல்லைக் கூறும்போது, அதில் பாதியே உண்மை. மீதிப் பாதி அவன் செலுத்தத் தவறிய கடன்.

2001இல் மறைந்த எவன்ஸின் வெண்கலச் சிலை மோயல்வ்ரேயில் நிற்கிறது. பழி கேட்ட ஊரும் அதுவே. புகழ் பெற்ற ஊரும் அதுவே. அடுத்து எவருடைய கப்பல் எந்த நாட்டிலிருந்து வரும் என்பதை அவ்வூரார் அறியார். அறியாமலேயே ஆயத்தமாய் இருக்கின்றனர். முகமறியார்க்குப் பட்ட கடனைச் செலுத்தத் தொடங்கும் இடம் அதுவே.