கடனா, தானமா?

விமான டிக்கெட் வாங்கும்போது சில தளங்களில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம் வரும். அதை டிக் செய்து கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டினால், நம் பயணம் காற்றில் விடும் கார்பனுக்கு ஈடாக எங்கோ ஒரு காடு வளர்க்கப்படும், அல்லது காக்கப்படும். கணக்கு பூஜ்யம். "காசு குடுத்தாச்சு, மரம் வச்சாச்சு, அப்புறம் என்ன மச்சான்?" என்றான் கூட வேலை பார்க்கும் நண்பன். நியாயமான கேள்விதான். எனக்கு இடிப்பது அந்த 'ஆச்சு'.

வேதியியலில் ஏமாற்று எதுவும் இல்லை. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் மரம் தன் உடம்பைக் கட்டுகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் நுண்ணுயிர்கள் தின்று மூச்சு விடுகின்றன, பெரும்பகுதி மறுபடி காற்றுக்கே போகிறது. மிச்சத்தில் கொஞ்சம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுகள்கூடத் தங்கும். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,500 பில்லியன் டன் கார்பன் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். காற்றில் இருப்பதைவிட அதிகம் இது. காலுக்குக் கீழே கிடப்பதால் யாரும் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடுவதில்லை.

ஆனால் காடு பூட்டி வைத்த பெட்டி இல்லை. வரவும் செலவும் ஓயாமல் நடக்கிற இடம். விமான எரிபொருளில் இருப்பதோ கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த கார்பன். நாம் தோண்டியிருக்காவிட்டால் இன்னும் அங்கேயேதான் கிடந்திருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு, பூச்சியும் தீயும் ரம்பமும் எட்டிப் பார்க்கிற ஒரு மரத்தை ஈடாக வைக்கிறோம்.

கலிஃபோர்னியா மாநிலத்தின் விதிகள் இதை யோசித்தே எழுதப்பட்டவை. காட்டின் பெயரில் கிரெடிட் விற்றால் அந்தக் கார்பனை 100 ஆண்டுகள் காக்க வேண்டும். தீ விபத்துக்குக் காப்பீடாக, ஒவ்வொரு காடும் தன் கிரெடிட்டில் ஒரு பங்கைப் பொது இருப்பில் போட வேண்டும். 2021 ஜூலையில் பக்கத்து மாநிலமான ஓரிகனில் பூட்லெக் தீ 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கிரெடிட் விற்ற ஒரு காட்டின் பகுதியும் அதில் போனது. பொது இருப்பு இருக்கிறதே என்றால், அதுவும் வேறு காடுகளின் மரங்கள்தான். அதே வெயில், அதே வறட்சி. பேக்கப்பை அதே சர்வரில் வைப்பவனை எங்கள் தொழிலில் என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுத முடியாது.

எனக்கு முப்பத்தைந்து வயது. 100 ஆண்டு வாக்கை நான் யார் சார்பில் கொடுக்கிறேன்? அந்தக் காட்டைக் காக்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. வாக்குத் தவறினால் வெயிலில் நிற்கப்போவதும் அவர்களே. அவர்களைக் கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட வைத்துவிட்டு, என் கடன் அடைந்தது என்று எழுதிக்கொள்கிறேன். நம் ஊரில் கடனுக்கும் தானத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு. காட்டுக்குக் கொடுப்பது தானமாக இருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. அந்தத் தானம், கடன் பத்திரத்தைக் கிழிக்கிற உரிமையைத் தராது, அவ்வளவுதான்.

நண்பன் விடவில்லை. "ரசீது இல்லைன்னா எவன்டா குடுப்பான்?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புண்ணியக் கணக்கு இல்லையென்றால் பாதிக் குளங்கள் வெட்டப்பட்டிருக்காது என்பதும் உண்மைதான். குற்றவுணர்ச்சியில் வருகிற பணமானாலும் அதில் நிற்கிற மரம் நிஜ மரம். அந்தப் பணம் நின்றுபோனால் முதலில் ரம்பம் வரும், என் தர்க்கம் வந்து தடுக்காது.

போன மாதம் அலுவலகத்தில் ஊழியர் பயணங்களின் கார்பன் அறிக்கைக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். உமிழ்வு கழித்தல் ஈடு, ஒரே எண், பச்சை நிறத்தில். நான் இரண்டு பத்தியாகப் பிரித்து அனுப்பினேன்: காற்றில் விட்டது ஒன்று, காட்டுக்குக் கொடுத்தது ஒன்று. கழித்தல் இல்லை. மேனேஜர், "மொத்தம் எங்க?" என்று கேட்டார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.