விற்ற பத்திரமும் தீராத கடனும்

1790 பிப்ரவரி 22 அன்று, நியூயார்க்கில் கூடிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, தன் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்த யோசனையை 36-க்கு 13 என்ற வாக்குகளில் தள்ளுபடி செய்தது. பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட சிப்பாய்க்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த கடன் பத்திரம் இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. பணம் யாருக்குச் சேர வேண்டும்? புதிய அரசு தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் எழுந்த கேள்வி இது. பத்திரம் வைத்திருப்பவருக்கே முழுப் பணமும் என்றது சபை. சட்டம் அதை ஏற்கும். அறம் ஏற்காது.

அந்தப் பத்திரம் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். போரை நடத்திய காங்கிரசுக்கு, அதாவது மாநிலங்களின் பொதுச் சபைக்கு, அப்போது வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. காகித நோட்டு அச்சடித்துச் செலவு செய்தது, நோட்டு செல்லாக்காசானது. கனெக்டிகட்டிலிருந்து 15 வயதில் படையில் சேர்ந்த ஜோசப் பிளம் மார்ட்டின், 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் தன் சம்பளக் கணக்கைச் சொல்கிறார். மாதத்துக்கு ஆறு டாலரும், இன்னொரு டாலரில் மூன்றில் இரண்டு பங்கும். 1777 ஆகஸ்ட் வரை வந்தது. அதன் பிறகு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு மாதச் சம்பளம்தான், 1781-இல் வர்ஜீனியாவுக்குப் படை நடந்துபோன வழியில். மற்ற நாளெல்லாம் பட்டினியும் கந்தலும். 1783-இல் படையைக் கலைத்தபோது பாக்கிக்காகக் கொடுத்தது பத்திரம். ஊர் போய்ச் சேர ஒரு நல்ல உடுப்பு வேண்டுமே என்பதற்காகவே அதை விற்றவர்கள் உண்டு. முகமதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத அடிமாட்டு விலை.

பத்திரம் வைத்திருப்பவருக்கே முழுப் பணம் என்ற நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. பத்திரம் கைமாறலாம் என்பது அதன் நிபந்தனையிலேயே இருக்கிறது. விற்றவருக்கு அப்போது தேவைப்பட்ட காசு கிடைத்தது. இந்த நாடு நிலைக்குமா என்று தெரியாத நேரத்தில் வாங்கியவர் நட்டத்துக்கும் துணிந்தார். வாங்கியவரின் உரிமையில் அரசு கைவைத்தால் நாளைக்கு அதன் பத்திரத்தை யார் நம்புவார்கள்? இதில் உண்மை உண்டு. ஹாமில்டனின் திட்டத்துக்குப் பிறகு, கடனைக் கட்டத் தெரியாதது என்று பெயரெடுத்திருந்த அந்த நாட்டின் பத்திரங்களை ஐரோப்பியர்களும் நம்பி வாங்கினார்கள்.

ஆனால் சிப்பாய் மனமுவந்து விற்றார் என்று சொல்வதில்தான் வாதம் சறுக்குகிறது. அவரை விற்க வைத்தது பசி. அந்தப் பசிக்குக் காரணம், சம்பளம் தராத அரசு. கடன்பட்டவனே கடன்கொடுத்தவனை நெருக்கடியில் தள்ளிவிட்டு, பிறகு 'நீதான் உரிமையை விற்றுவிட்டாயே' என்று கைகழுவுவது எந்த ஊர் நியாயம்? இரண்டு தனியார் நடுவே நடந்த விற்பனை செல்லும். அதனால் மூன்றாவது ஆளாகிய அரசின் குற்றம் நீங்கிவிடாது.

இதையும் மறக்கக் கூடாது: இந்தத் திட்டத்தை முன்வைத்த ஹாமில்டனின் அறிக்கை வெளிவந்த 1790 ஜனவரியில், செய்தி எட்டாத தென்மாநிலங்களின் உட்பகுதிகளில் பத்திரங்களை மலிவாக வளைத்துப்போட நியூயார்க்கிலிருந்து கப்பல்கள் கிளம்பின. ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் இதைச் சபையிலேயே கொதித்துப் பேசினார். அந்தப் பத்திரங்களை வாங்கியவர்கள் துணிந்தது எந்த நட்டத்துக்கு? விலை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியாது.

மேடிசன் யாரையும் வழிப்பறி செய்யச் சொல்லவில்லை. வாங்கியவருக்குச் சந்தையில் நிலவிய மிக உயர்ந்த விலை, மிச்சம் முதலில் பெற்ற சிப்பாய்க்கு. மலிவாக வாங்கியவருக்கு அப்போதும் லாபம்தான். 1783-இல் இதே மேடிசன், முதலில் பெற்றவர், பிறகு வாங்கியவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று எழுதியவர். அதைச் சொல்லி அவரைக் குத்தியவர்கள் இருந்தார்கள். ஏழு ஆண்டுகளில் பத்திரங்கள் கைமாறிக் குவிந்துவிட்டன. நிலைமை மாறியபின் கருத்தை மாற்றிக்கொள்வது நேர்மைக்குக் குறைவல்ல.

விற்றதோடு சிப்பாயின் சுமை தீரவுமில்லை. 1790-க்கு முன்பே மாசசூசெட்ஸ் மாநிலம், தன் பங்குக்குத் தான் வழங்கிய பத்திரங்களை முழு மதிப்பில் அடைக்க முனைந்து, நிலத்துக்கும் தலைக்கும் வரியை ஏற்றியது. பத்திரங்கள் பெரும்பாலும் வணிகர்களிடம் சேர்ந்துவிட்டன. வரி கட்டியவர்களில் அவற்றை விற்ற உழவர்களும் உண்டு. கட்ட முடியாதவர்கள் 1786-இல் நீதிமன்றங்களை மறித்தார்கள். படையின் முன்னாள் கேப்டன் டேனியல் ஷேய்ஸ் அவர்களுக்கு முன்னால் நின்றார். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கில் பீரங்கி சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். விடுதலைக்குத் துப்பாக்கி தூக்கியவர்கள்மேலேயே நான்காண்டுகளுக்குள் குண்டு பாய்ந்ததற்கு இந்தக் கடன் கணக்கும் ஒரு காரணம்.

முதலில் பத்திரம் பெற்றவர்களைத் தேடிப்பிடிப்பது நடக்கிற காரியமா என்ற தடை பாக்கி இருக்கிறது. பொய் உரிமை கோருவோரும், தொலைந்த ஏடுகளும் இருந்திருக்கும்தான். ஆனால் வறுமையில் வாடிய பழைய சிப்பாய்களுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் தர 1818-இல் சட்டம் வந்தபோது, அதே அரசு படைப்பட்டியல்களைப் புரட்டியது, நீதிமன்றத்தில் சாட்சியம் கேட்டது, ஆயிரக்கணக்கானவர்களை அடையாளம் கண்டது. மார்ட்டினும் தன்னிடம் இருப்பது இரண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்றி என்று கணக்குக் கொடுத்து அதைப் பெற்றார். ஆட்களும் ஏடுகளும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 1790-இல் இதைச் செய்திருக்க முடியும். அப்போது உயிரோடிருந்த எத்தனையோ பேர் 1818-இல் இல்லை.